போஸ்ட்கிரெஸ் 16: இண்டெக்ஸ் இருந்தும் ப்ளானர் ஏன் வேறு வழியில் போகிறது?

ஜாயின்குழப்பம்:

வண்டி உதிரிபாக ஆர்டர்களுக்கான டேபிள் ஒன்று. 10 லட்சம் ரோ, 12,500 பேஜ் (டிஸ்க்கிலிருந்து ஒரே தடவையில் படிக்கும் துண்டு). போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ், எஸ்எஸ்டி டிஸ்க், செட்டிங்ஸ் எல்லாம் இன்ஸ்டால் செய்தபடியே. டேபிளின் புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ் நேற்றுதான் ஓடியது. க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் ப்ளானர் மூன்று இடத்தில் என்ன கணக்குப் போடுகிறது என்றே பிடிபடவில்லை.

1) ஸ்டேட்டஸ் ஃபீல்டில் இண்டெக்ஸ் உண்டு. "ரிட்டர்ன்" என்று தேடினால் பிட்மேப் ஸ்கேன். டேபிளில் அது 8%. "டெலிவர்டு" என்று தேடினால் இண்டெக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சீக் ஸ்கேன் (டேபிளை முதலிலிருந்து கடைசிவரை படிப்பது), அது 62%. நேரடி இண்டெக்ஸ் ஸ்கேன் இரண்டிலுமே வரவில்லை.

2) கம்பெனி ஹோண்டா, மாடல் சிட்டி, வேரியண்ட் இசட்எக்ஸ், ஸ்டேட்டஸ் ரிட்டர்ன். இப்படி வடிகட்டி, 3 லட்சம் ரோ உள்ள வாரண்டி டேபிளோடு ஆர்டர் ஐடி வழியாக ஜாயின். பல நொடி இழுக்கிறது. க்வெரியை ஓட்டி, ப்ளானரின் எஸ்டிமேட்டையும் நிஜத்தையும் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸின் சுருக்கம்:

நெஸ்டட் லூப்: எஸ்டிமேட் ரோஸ்=1, ஆக்சுவல் ரோஸ்=512, லூப்ஸ்=1
ரோஸ் ரிமூவ்டு பை ஜாயின் ஃபில்டர்: 191999488
→ பிட்மேப் ஹீப் ஸ்கேன், ஆர்டர்: எஸ்டிமேட் ரோஸ்=1, ஆக்சுவல் ரோஸ்=640, லூப்ஸ்=1
→ சீக் ஸ்கேன், வாரண்டி: எஸ்டிமேட் ரோஸ்=300000, ஆக்சுவல் ரோஸ்=300000, லூப்ஸ்=640

3) ஒரு கஸ்டமரின் கடைசி 20 ஆர்டர்: கஸ்டமர் ஐடியால் வடிகட்டி, தேதிப்படி இறங்குவரிசை, லிமிட் 20. கஸ்டமர் ஐடிக்கு ஒரு இண்டெக்ஸ், தேதிக்கு ஒரு இண்டெக்ஸ், இரண்டும் தனித்தனி. சிலருக்கு உடனே வருகிறது. சிலருக்கு லட்சக்கணக்கான ரோவைப் படித்துத் தள்ளிவிட்டு வருகிறது.

---

வேகவேலன்:

எனேபிள் சீக்ஸ்கேன் செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க. வேலை முடிஞ்சது.

---

எட்டுகேபி:

மேலே சொன்னதைத் தயவுசெய்து ப்ரொடக்‌ஷனில் செய்ய வேண்டாம். அது தடை இல்லை, அபராதம். பதிப்பு 17 வரை அந்த வழிக்கு 1,000 கோடி காஸ்ட் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். இண்டெக்ஸ் இல்லாத டேபிளுக்கு அப்போதும் சீக் ஸ்கேன்தான் வரும். ஒரே செஷனில் ஆஃப் செய்து, "மாற்று வழிக்கு நீ போட்ட விலை என்ன?" என்று ப்ளானரிடம் கேட்டுப் பார்க்க மட்டுமே அது நல்ல கருவி.

முதல் கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். மாறாத செட்டிங்கில் வரிசையாக ஒரு பேஜ் படிக்க 1, தாவித்தாவிப் படிக்க 4. ஒரு ரோவைக் கையாள 0.01, இண்டெக்ஸ் என்ட்ரிக்கு 0.005, ஒரு ஒப்பீட்டுக்கு 0.0025. இது மில்லிசெகண்ட் இல்லை. வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான அலகு.

உங்கள் டேபிளுக்கு சீக் ஸ்கேன்: 12,500 பேஜுக்கு 12,500. 10 லட்சம் ரோவுக்கு 10,000. ஸ்டேட்டஸ் ஒப்பீட்டுக்கு 2,500. மொத்தம் 25,000. நீங்கள் எக்ஸ்ப்ளெயின் போட்டால் இதே எண்தான் வர வேண்டும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 8%. "92 சதவீதத்தைத் தவிர்த்துவிட்டோமே" என்று தோன்றும். ஆனால் டிஸ்க்கிலிருந்து வருவது ரோ இல்லை, பேஜ். ஒரு பேஜில் சராசரியாக 80 ரோ. ரிட்டர்ன்கள் டேபிள் முழுக்கச் சிதறிக் கிடந்தால், ஒரு பேஜில் ஒரு ரிட்டர்ன்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.92-இன் 80-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.0013. ஆயிரத்தில் ஒரு பேஜைத்தான் தவிர்க்க முடியும்! 1% மட்டுமே தேடினாலும் 55% பேஜைத் தொட்டாக வேண்டும்.

எல்லாப் பேஜையும் தொடுவது உறுதி என்றான பிறகு, எந்த வரிசையில் தொடுகிறோம் என்பதுதான் விஷயம். நேரடி இண்டெக்ஸ் ஸ்கேன் 12,500 பேஜையும் தாவிப் படிப்பதாகக் கணக்கு: பேஜுக்கு 4 வீதம் 50,000, அதற்கு மேல் சிபியூ. பிட்மேப் ஸ்கேன் முதலில் இண்டெக்ஸைப் படித்து, எந்தெந்தப் பேஜ் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, டேபிளை பேஜ் வரிசையில் படிக்கும். தொட வேண்டிய பேஜ் அதிகமாக ஆக அதன் விலை 4-இலிருந்து 1-ஐ நோக்கி இறங்கும். 8 சதவீதத்துக்கு மொத்தம் 14,500 அளவில் வரும்; 25,000-ஐ விடக் குறைவு, அதனால் பிட்மேப். 62 சதவீதத்துக்கு அதே பிட்மேப் 27 ஆயிரத்தைத் தாண்டும். அதனால் சீக் ஸ்கேன். இரண்டுமே சரியான முடிவு.

இதில் கோரிலேஷன் என்று ஒரு எண் ஒளிந்திருக்கிறது. பிஜி ஸ்டாட்ஸ் வியூவில் பார்க்கலாம். ஃபீல்டின் வரிசையும் டிஸ்க்கில் ரோ கிடக்கும் வரிசையும் ஒத்துப்போனால் 1-க்கு அருகில் இருக்கும், அப்போது இண்டெக்ஸ் ஸ்கேனின் விலை மளமளவென்று விழும். ஆர்டர் தேதிக்கு அப்படித்தான் இருக்கும், ஸ்டேட்டஸுக்கு இருக்காது.

எஸ்எஸ்டி என்பதால் ரேண்டம் பேஜ் காஸ்டை (தாவிப் படிக்கும் அந்த 4) 1.1 ஆக்குவது வழக்கம், செய்யலாம். ஆனால் உங்கள் 62% கேஸில் சீக், பிட்மேப், இண்டெக்ஸ் மூன்றுமே 25,000-க்கு ஒட்டி வந்து நிற்கும். அப்போது ப்ளான் மாறினால் பதற வேண்டாம், விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

---

ஹிஸ்டோகிராம்:

இரண்டாவது கேள்விதான் இந்தத் திரியின் உயிர். ஆப்டிமைசர் (ப்ளானர்தான்) ப்ளான் போடும்போது உங்கள் ரோக்களைப் பார்ப்பதே இல்லை. அனலைஸ் எடுத்துவைத்த குறிப்பை மட்டும் பார்க்கிறது. மாறாத செட்டிங்கில் அந்தக் குறிப்பு 30,000 ரோ சாம்பிளிலிருந்து வருவது. டேபிள் 10 லட்சமானாலும் 100 கோடியானாலும் அதே 30,000. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அடிக்கடி வரும் மதிப்புகள் அதிகபட்சம் 100, மீதிக்கு ஒரு ஹிஸ்டோகிராம் (மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற குறிப்பு), தனி மதிப்புகளின் எண்ணிக்கை, காலி (நல்) மதிப்புகளின் விகிதம், மேலே சொன்ன கோரிலேஷன்.

கவனியுங்கள், "ஒவ்வொரு ஃபீல்டுக்கும்" தனித்தனியாக. ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது குறிப்பில் இல்லை. ஆகவே உறவே இல்லை என்று வைத்துக்கொண்டு பெருக்கிவிடுகிறது.

உங்கள் எஸ்டிமேட் 1 எப்படி வந்திருக்கும்? ஹோண்டா 5%, சிட்டி 2%, இசட்எக்ஸ் 1%, ரிட்டர்ன் 8% என்று வைத்துக்கொள்வோம். 10,00,000 × 0.05 × 0.02 × 0.01 × 0.08 = 0.8. முழுமையாக்கினால் 1. உண்மையில் சிட்டி என்றாலே ஹோண்டாதான், அந்த 0.05-ஐப் பெருக்கவே கூடாது. இசட்எக்ஸில் பெரும்பகுதியும் சிட்டிதான்.

"ஒரே ஒரு ரோதான் வரப்போகிறது" என்று நம்பினால் வாரண்டி டேபிளை ஒருமுறை முழுதாகப் படித்தால் போதும், ஹாஷ் (நினைவகத்தில் ஒரு தேடல் பட்டியல்) கட்டும் செலவு எதற்கு? ஒரு பக்கத்தின் ஒவ்வொரு ரோவுக்கும் மறுபக்கத்தில் தேடும் நெஸ்டட் லூப் மலிவாகத் தோன்றிவிடும். ஓடும்போது வந்தது 640. 640 × 3 லட்சம் = 19 கோடியே 20 லட்சம் ஒப்பீடு. அதில் பொருந்திய 512-ஐக் கழித்தால் உங்கள் ப்ளானில் தெரியும் 191999488. ஒரே ரோ என்ற நம்பிக்கையில் எடுத்த பந்தயம் இது. ப்ளானர் விலையை மட்டும் பார்க்கும், எஸ்டிமேட் தப்பினால் அடி எவ்வளவு என்பதைப் பார்க்காது. எனக்குப் பிடிக்காத குணம், ஆனால் அதன் குணம் அதுதான்.

சரிசெய்ய இரண்டு வேலை, இரண்டையுமே செய்யுங்கள்.

கம்பெனி, மாடல், வேரியண்ட் மூன்றையும் சேர்த்து கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போடுங்கள், வகை எம்சிவி (அடிக்கடி வரும் மதிப்புகளின் பட்டியல்) என்று குறிப்பிட்டு. இது பதிப்பு 12 முதல் உண்டு. டிபெண்டென்சீஸ் வகையும் இருக்கிறது, ஆனால் அது மாடல் தெரிந்தால் கம்பெனி உறுதி என்ற மாதிரி முழு உறவுக்குத்தான் பலம். இசட்எக்ஸ் வேறு மாடலிலும் இருப்பதால் அங்கே அது தளர்ந்துவிடும். எம்சிவி அந்த மூன்றும் சேர்ந்து வரும் விகிதத்தையே எழுதிவைக்கும். அந்தச் சேர்க்கை 8,000 ரோ என்றால் சாம்பிளில் சுமார் 240 முறை அகப்படும். பட்டியலில் இடம்பிடிக்க அது தாராளம். ஸ்டேட்டஸைச் சேர்க்கத் தேவையில்லை, அது உண்மையிலேயே தனி.

பலர் மறப்பது: கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வெறும் பாத்திரம். அதன் பிறகு அனலைஸ் ஓடினால்தான் உள்ளே ஏதாவது விழும்.

இரண்டாவது, வாரண்டி டேபிளில் ஆர்டர் ஐடிக்கு இண்டெக்ஸ் இல்லை என்று ப்ளானே சொல்கிறது. ஃபாரின் கீ வைத்ததும் இண்டெக்ஸ் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் அதைச் செய்வதில்லை. இண்டெக்ஸ் இருந்திருந்தால் எஸ்டிமேட் எவ்வளவு தப்பாக இருந்தாலும் 640 சின்னத் தேடலோடு போயிருக்கும்.

ப்ளானைப் படிக்கும்போது அடியிலிருந்து மேலே போங்கள். எஸ்டிமேட்டும் ஆக்சுவலும் முதன்முதலில் பத்து மடங்கு விலகும் இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்கு மேலே நடப்பதெல்லாம் அதன் விளைவு. இன்னொன்று, ஆக்சுவல் ரோஸ் என்பது ஒரு லூப்புக்கான சராசரி; லூப்ஸால் பெருக்காமல் படித்தால் 300000=300000 என்று அந்த வரி அப்பாவியாகத் தெரியும்.

---

சிக்கனம்:

எஸ்க்யூஎல் சர்வர் பக்கமிருந்து ஒரு குறிப்பு. அங்கே 2014 பதிப்பில் வந்த எஸ்டிமேட்டர் அப்படியே பெருக்குவதில்லை. மிகக் குறைந்த விகிதத்தை முழுதாக எடுத்து, அடுத்ததற்கு வர்க்கமூலம், அதற்கடுத்ததற்கு நான்காம் மூலம், பிறகு எட்டாம் மூலம், அதோடு நிறுத்திக்கொள்ளும். ஹிஸ்டோகிராம் சொன்ன எண்களைப் போட்டால் 0.01 × 0.141 × 0.473 × 0.729, கிட்டத்தட்ட 488 ரோ. நிஜம் 640. ஃபீல்டுகளுக்குள் ஏதோ உறவு இருக்கும் என்று ஊகிப்பதால் கிடைக்கும் லாபம். உண்மையிலேயே உறவில்லாத ஃபீல்டுகளுக்கு இதே முறை அதிகமாகச் சொல்லிவிடும் என்பதும் உண்டு.

---

எட்டுகேபி:

சுவாரசியமான ஒப்பீடு. குறிப்பே இல்லாதபோது கை வைக்கும் எண்களும் ரசமானவை. சிஸ்டம் ஆர் என்ற டேட்டாபேஸின் ஆப்டிமைசர் பற்றி ஐபிஎம் ஆய்வாளர்கள் 1979-இல் எழுதிய கட்டுரையில் "இதைவிடப் பெரியது" வகை நிபந்தனைக்கு விவரம் எதுவும் இல்லையென்றால் 1/3 என்று வைத்தார்கள். போஸ்ட்கிரெஸ் இன்றும் 0.3333 தான். சமம் என்ற நிபந்தனைக்கு 0.005.

இது துப்புத்துலக்க உதவும். 10 லட்சம் ரோ டேபிளில் எஸ்டிமேட் 5,000 என்று உருண்டையாக வந்தால், ப்ளானர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறது என்று அர்த்தம். ஆர்டர் நேரத்தை டேட் ஃபங்‌ஷனுக்குள் போட்டு ஒரு நாளோடு ஒப்பிட்டால் அப்படித்தான் வரும். அந்த ஃபீல்டின் ஹிஸ்டோகிராமும் இண்டெக்ஸும் அங்கே பயன்படாது. "இந்த நாள் முதல், மறுநாளுக்கு முன்" என்று ரேஞ்சாக எழுதுங்கள். மாற்றி எழுத முடியாத இடத்தில் அந்த எக்ஸ்ப்ரஷன் மேல் இண்டெக்ஸ் போட்டு அனலைஸ் ஓட்டினால் அதற்கும் குறிப்பு உருவாகும்.

---

ஹிஸ்டோகிராம்:

மூன்றாவது கேள்விக்கு. லிமிட் 20 என்றதும் கணக்கே வேறு. அந்தக் கஸ்டமருக்கு 1,000 ஆர்டர் இருப்பதாக எஸ்டிமேட் என்று வையுங்கள். 10 லட்சத்தில் ஆயிரம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. தேதி இண்டெக்ஸில் பின்னாலிருந்து நடந்தால் 20,000 ரோவுக்குள் 20 அகப்பட்டுவிடும், சார்ட்டும் தேவையில்லை. முழு ஸ்கேன் விலையில் 2% தான். கஸ்டமர் இண்டெக்ஸ் வழியாகப் போனால் ஆயிரத்தையும் எடுத்து சார்ட் செய்ய வேண்டும், அது மூன்று நான்கு மடங்கு விலை.

இந்தக் கணக்கு சரியாக வர, அவருடைய ஆர்டர்கள் காலம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். அவர் இரண்டு வருஷமாக எதுவும் வாங்காதவர் என்றால், இரண்டு வருஷ ஆர்டர்களையும் கடந்துதான் முதல் ரோவே கிடைக்கும். எந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸும் இதைக் காப்பாற்றாது. எத்தனை பொருந்தும் என்பதுதான் குறிப்பில் இருக்கிறது. வரிசையில் எங்கே கிடக்கின்றன என்பது இல்லை.

மருந்து ஒரே கூட்டு இண்டெக்ஸ்: கஸ்டமர் ஐடி முதலில், தேதி அடுத்து. சமம் பார்க்கும் ஃபீல்டு முன்னால், வரிசைப்படுத்தும் ஃபீல்டு பின்னால். திருப்பிப் போட்டால் பழைய கதைதான். அதன்பின் 20 என்ட்ரி படித்ததும் நிறுத்திவிடும், யாராக இருந்தாலும். கஸ்டமர் ஐடிக்கான தனி இண்டெக்ஸ் பெரும்பாலும் தேவையற்றதாகிவிடும், எழுதும் செலவும் குறையும்.

இண்டெக்ஸ் கட்ட அனுமதி கிடைக்கும்வரை ஒட்டுப்போட வேண்டுமானால், ஆர்டர் பை-யில் தேதியோடு பூஜ்ய இண்டர்வெல் ஒன்றைக் கூட்டுங்கள். எக்ஸ்ப்ரஷன் ஆகிவிட்டதால் தேதி இண்டெக்ஸின் வரிசை பயன்படாது, கஸ்டமர் இண்டெக்ஸுக்கு வந்துவிடும். அசிங்கம்தான். கமெண்ட் எழுதிவையுங்கள், இல்லையென்றால் அடுத்து வருபவர் "இது எதற்கு" என்று அழித்துவிடுவார்.

---

ஜாயின்குழப்பம்:

இருவருக்கும் நன்றி. சீக் ஸ்கேன் காஸ்ட் அச்சாக 25000.00. எம்சிவி போட்டு அனலைஸ் ஓட்டியதும் ஆர்டர் பக்க எஸ்டிமேட் 1-இலிருந்து 633 ஆனது. ப்ளான் ஹாஷ் ஜாயினுக்கு மாறிவிட்டது. வாரண்டி இண்டெக்ஸ் இன்னும் போடவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். ஸ்டேட்டஸ் க்வெரி பிஎஸ்க்யூஎல்லில் (கமாண்ட் லைனில்) எப்போதும் ஒரே மாதிரி ஓடுகிறது. ஜாவா அப்ளிகேஷனிலிருந்து போனால் முதல் சில தடவை சரி, பிறகு எல்லா மதிப்புக்கும் ஒரே ப்ளான். ஏன்?

---

சிக்கனம்:

ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட், அதாவது மதிப்புக்கு இடம் விட்டு முன்பே தயார்செய்த க்வெரி. ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி ட்ரைவர் மாறாத செட்டிங்கில் அதே ஸ்டேட்மெண்ட் ஐந்தாவது முறை ஓடும்போதுதான் சர்வரில் பெயர் வைத்து ப்ரிப்பேர் செய்யும். அதிலிருந்து சர்வர் ஐந்து தடவை நிஜ மதிப்பைப் பார்த்துத் தனித்தனி ப்ளான் போடும். ஆறாவதில், மதிப்பே தெரியாத பொது ப்ளான் ஒன்றின் விலையை, அந்த ஐந்தின் சராசரியோடு ஒப்பிடும். தனிப் ப்ளான் பக்கம் ஒவ்வொரு தடவையும் ப்ளான் போடும் செலவும் ஏறும். பொது ப்ளான் அதைவிட மலிவாகத் தெரிந்தால் அதையே பிடித்துக்கொள்ளும்.

பொது ப்ளானுக்கு 62%, 8% எதுவும் தெரியாது. ஸ்டேட்டஸ் ஆறு விதம் என்றால் ஆறில் ஒரு பங்கு, சுமார் 1,66,667 ரோ என்று எடுத்துக்கொள்ளும். முதல் ஐந்து தடவையும் "டெலிவர்டு" என்றே போயிருந்தால் சராசரி ஏறியிருக்கும், பொது ப்ளான் எளிதில் ஜெயிக்கும். எக்ஸ்ப்ளெயினில் நிபந்தனைக்குப் பக்கத்தில் மதிப்புக்குப் பதிலாக டாலர் 1 என்று தெரிந்தால் அதுதான் ஓடுகிறது.

அந்த அப்ளிகேஷன் யூசருக்கு மட்டும் ப்ளான் கேஷ் மோடை ஃபோர்ஸ் கஸ்டம் ப்ளான் ஆக்குங்கள். பதிப்பு 12 முதல் உண்டு. ஒவ்வொரு தடவையும் ப்ளான் போடும் செலவு கூடும். பெரிய ஜாயின் இல்லாத க்வெரிக்கு அது கண்ணுக்கே தெரியாது.

---

எட்டுகேபி:

நேற்று அனலைஸ் ஓடியது என்றீர்கள், அது கையால் ஓட்டியதா? தானாக ஓட வேண்டுமானால் 50 ரோவும் டேபிளில் 10 சதவீதமும் மாறியிருக்க வேண்டும். உங்களுக்கு அது 1,00,050. ஒரு நாளைக்கு 5,000 ஆர்டர் என்றால் இருபது நாளுக்கு ஒருமுறை. இந்த டேபிளுக்கு மட்டும் ஆட்டோவாக்யூம் அனலைஸ் ஸ்கேல் ஃபேக்டரை (அந்த 10 சதவீதத்தை வைக்கும் செட்டிங்) 0.01 ஆக்கிவிடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓடும். டெம்ப் டேபிளையும் பார்ட்டிஷன் டேபிளின் தாய் டேபிளையும் ஆட்டோவாக்யூம் (தானாக ஓடும் அந்தப் பின்னணி வேலை) அனலைஸ் செய்யாது; அங்கே கையால்தான் ஓட்ட வேண்டும்.